ஏழு புள்ளி ஒன்பது

போன் அடித்தபோது சிவசங்கரி வத்தக்குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"சிவசங்கரி அம்மா வீடுங்களா?" பெண் குரல். புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து. மாடி ஏறி ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது.

"ஆமா, சொல்லுங்க."

"பேஷண்ட் எப்படி இருக்காங்க? நினைவு இருக்குதா?"

சிவசங்கரி கரண்டியைக் கீழே வைத்தாள். "இருக்குது."

"மூச்சு விடுறாங்களா?"

"விடுறேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"நீங்க யாரு பேசறது?"

"நான்தாம்மா சிவசங்கரி."

"படுத்திருக்கீங்களா?"

"அடுப்புகிட்ட நிக்கிறேன். கடுகு பொரியுது. வெரசா சொல்லும்மா, கருகிடும்."

கருகித்தான் போனது. நர்ஸ் அடுத்துச் சொன்ன சேதி அப்படி.

போன வாரம் கொடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்பது. ஐந்தைத் தாண்டாமல் நிற்க வேண்டிய சமாச்சாரம். ஏழைத் தாண்டிவிட்டால் இதயம் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். அசையாமல் உட்காருங்கள், பக்கத்தில் எங்கேயாவது இ.சி.ஜி. எடுங்கள், எடுத்த கையோடு வண்டி பிடித்துக் கிளம்பி வாருங்கள்.

"நின்னு போவப் போற நெஞ்சு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாதாம்மா?"

"அம்மா, தயவுசெஞ்சு உக்காருங்க."

சிவசங்கரி அடுப்பை அணைத்துவிட்டு, அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். எப்போதும் போல அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள் சிவசங்கரி. சூளையில் வெந்து வந்த பொம்மைக்கு உடம்பெல்லாம் யார் வேண்டுமானாலும் வர்ணம் பூசலாம். கண் மட்டும் அவள்தான். ஒரு வருஷமாக முதுகு வலி. குனிந்தே வேலை பார்க்கிறவளுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள், ஊரும் விட்டுவிட்டது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். முதுகில் ஏதோ மளுக்கென்றது. படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் ஒன்று நசுங்கிக் கிடந்தது. ஏன் நசுங்கியது என்று தேடிக்கொண்டு போனவர்கள் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள்.

மைலோமா. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை.

புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் வாசுகி மறைக்காமல் பேசுகிறவர். "இது வேரோட புடுங்கிப் போடற வியாதி இல்ல. ஆனா அடக்கி வைக்கலாம். அடக்கி வச்சு வருஷக்கணக்கா நல்லா இருக்கறவங்க நிறைய பேரு. உங்களுக்கு எந்த அளவுக்கு அடங்கும்னு ரத்தத்துல சில அளவுகளைப் பார்த்தா ஓரளவு தெரியும்."

"அப்ப அதையே கேட்டுடுவோங்க," என்றாள் சிவசங்கரி. "தேறும்னு ரத்தம் சொன்னா நீங்க கூப்பிட்ட நாளெல்லாம் வரேன். தேறாதுன்னா என்னைக் கூப்பிடாதீங்க. நான் வூட்டுல இருந்துக்கறேன்."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். அவள் அண்ணன் திருமாலுக்கும் ரத்தத்தில்தான் வந்தது. வேறு வகை. சென்னையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்து அவள்தான் கூட இருந்தாள். கடைசி மாதம் முழுக்க அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: ஊருக்குப் போகலாம். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லியே வைத்திருந்தார்கள். ஊருக்கு அவன் வந்தது ஆம்புலன்ஸில், கண் மூடிய பிறகு. அந்த மாதிரி ஒரு பயணம் தனக்கு வேண்டாம் என்று சிவசங்கரி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அந்த வாரம் பார்த்து ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கும் மிஷின் ரிப்பேர். புதுச்சேரியிலேயே வெளியில் ஒரு லேபில் பார்த்துவிடச் சொன்னார்கள். முதுகில் பட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி பஸ் ஏற அவளால் முடியவில்லை. ஜங்ஷன் ரோட்டில் சின்னதாக லேப் வைத்திருக்கும் பிரபா வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாள். அதைப் பஸ்ஸில் கொண்டுபோய்ப் புதுச்சேரியில் சேர்த்தது சிவசங்கரியின் புருஷன் மாயவன்.

இப்போது அந்த ரத்தம் பேசிவிட்டது.

மாயவன் பட்டறையிலிருந்து உடம்பெல்லாம் வெள்ளை மண்ணோடு ஓடி வந்தான். பின்னாலேயே எதிர்வீட்டு ராஜ்மோகன் தன் வாடகைக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"சங்கரி, நடக்காத. நான் தூக்கிக்கறேன்."

"தூக்குனா உன் இடுப்பு புட்டுக்கும் மாமா. அப்பறம் ரெண்டு பேரையும் ராஜ்மோகன்தான் தூக்கணும்."

மாயவன் அவளுக்கு மாமன் மகன். கல்யாணத்துக்கு முன்பும் மாமா, பின்பும் மாமா. அவன் சிரிக்கவில்லை.

ஊரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி ஒருமுறை எடுக்கச் சொன்னார்.

"நல்லாத்தாங்க இருக்குது," என்றார், நம்ப முடியாதவர் போல. "ரிப்போர்ட் இருக்குதுங்களா?"

மாயவன் போனை நீட்டினான். நர்ஸ் அனுப்பியிருந்தாள். டாக்டர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

அந்த விரல் நின்றதை சிவசங்கரி பார்த்துவிட்டாள்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. உங்க டாக்டரே சொல்லுவாங்க."

"நீங்க சொல்லுங்க. நான் உக்காந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் தயங்கினார். "எல்.டி.ஹெச்னு ஒண்ணு. எரநூத்தம்பதுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு ஆயிரத்தி நூத்தி நாப்பது. மைலோமாவுல இது இவ்வளவு ஏறுச்சுன்னா வியாதி கொஞ்சம் வேகமான ரகம்னு எடுத்துக்குவாங்க. மத்த ரெண்டு அளவு பரவாயில்ல. எதுக்கும் அங்க போய்க் கேளுங்க."

சிவசங்கரி தலையாட்டினாள். அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மந்தாரக்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்குக் கிளம்பினார்கள். ராஜ்மோகன் மாட்டுவண்டி ஓட்டுவது போல ஓட்டினான். பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லாம் அவன் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

"அக்கா, முன்னால பள்ளம் வருது. நெஞ்சைப் புடிச்சுக்குங்க."

"ஏன், வெளிய வந்து வுழுந்துடுமா? வண்டிய ஓட்டு தம்பி. இந்த வேகத்துல போனா நான் சாவறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்."

நெய்வேலி ஆர்ச்சைத் தாண்டியதும் அவள் மாயவன் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இன்னிக்கு வரேன். நர்ஸ் பயந்து கெடக்குது, அதுக்காவ வரேன். நாளையிலேந்து இல்ல."

"என்னா நாளையிலேந்து இல்ல?"

"மருந்து, ஊசி, ஆஸ்பத்திரி எதுவும் இல்ல. ரத்தம் சொல்லட்டும்னேன். சொல்லிடுச்சு."

"ஒரே ஒரு நம்பருக்காவவா?"

"ஒண்ணு போதும். அண்ணனுக்கு அந்த ஒண்ணை யாரும் வாயத் தொறந்து சொல்லல. சொல்லியிருந்தா அவன் நம்ம வேப்பமரத்தடியில கட்டில்ல கெடந்து போயிருப்பான்."

மாயவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் விடவில்லை. சிதம்பரத்தில் படிக்கும் மகள் வெண்பாவைப் பரீட்சை முடியும்வரை கூப்பிடக் கூடாது. பச்சைப் புடவை பட்டறையில் கூட வேலை பார்க்கும் கொளஞ்சியம்மாளுக்கு. அவள் ரொம்ப நாளாக அதன்மேல் கண் வைத்திருக்கிறாள். வர்ணக் கோல் ஆறும் பட்டறைக்கு. அதில் மெல்லிசானதை மட்டும் கண்டவள் கையில் கொடுத்துவிடாதே.

"நீ ரசம் வைக்கக் கத்துக்க மாமா. புளியைக் கரைச்சுட்டு அப்படியே வச்சிட்டுப் பூடற. அதை வடிகட்டணும்."

"சங்கரி, வாய மூடிக்கிட்டு வா," என்றான் மாயவன். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவன் அவளை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். துண்டில் இருந்த மண் அவன் கன்னத்தில் கோடு கோடாக ஈரமானது.

ராஜ்மோகன் கண்ணாடியைச் சரிசெய்வது போல அதை வேறு பக்கம் திருப்பினான்.

டாக்டர் வாசுகி அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. கீழே அவசரப் பிரிவில் புதிதாக எடுத்து அனுப்பிய இ.சி.ஜி. அவர் கையில் இருந்தது.

"ஸ்ட்ரெச்சர் அனுப்பினேனே. எப்படி வந்தீங்க?"

"படியேறித்தாங்க. லிஃப்ட்டுல ஒரே கூட்டம்."

"மூச்சு வாங்குச்சா?"

"இவருக்கு வாங்குச்சு."

டாக்டர் இ.சி.ஜி.யை மேஜையில் போட்டார். ரிப்போர்ட்டைத் திரையில் திறந்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு படித்தார். முழுவதையும் படித்துவிட்டு மறுபடி மேலே போனார்.

"விசித்திரமா இருக்குது," என்றார். "இந்த ஒரு ரிப்போர்ட்டுக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தருக்குக் கிட்னி நல்லா இருக்கு, புரதம் நல்லா இருக்கு, வியாதியோட பாரம் கம்மி. இன்னொருத்தர் போன வாரமே செத்துப் போயிருக்கணும்."

மாயவன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். "யாரோட ரத்தமோ கலந்துடுச்சுங்களா மேடம்?"

"ஆள் மாறியிருந்தா எல்லாமே மாறியிருக்கும். இங்க ரெண்டே ரெண்டுதான் மாறியிருக்கு. பொட்டாசியமும் எல்.டி.ஹெச்சும். இது ஒரே ரத்தம்தான். வழியில அதுக்கு என்னமோ நடந்திருக்கு." டாக்டர் நிமிர்ந்தார். "இதை யார் லேபுக்குக் கொண்டுபோனது?"

"நான்தான் மேடம்." மாயவன் எழுந்து நின்றான். "கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பலாம்னாங்க. நான் ஒத்துக்கல. நானே லீவு போட்டு எடுத்தாந்தேன்."

"வெயில்ல வச்சீங்களா?"

"ஈரத்துணி சுத்தி நெழல்லயே வச்சிருந்தேன்."

"கீழ எங்கயாவது விழுந்துச்சா?"

"வுழறதாவது. பிரபா நிமித்திப் புடிங்கன்னு சொல்லுச்சு. புதுச்சேரி வர வரைக்கும் கைய விட்டு எறக்கல." அவன் குரலில் பெருமை ஏறியது. "பிரபா சொல்லாததையும் நான் கவனிச்சேன் மேடம். நெய்வேலி வர்றதுக்குள்ள ரத்தம் அடியில தங்க ஆரம்பிச்சிடுச்சு. கெட்டியெல்லாம் கீழ, மேல மஞ்சளா வெறுந்தண்ணி."

"சரி. அப்புறம்?"

"அதை அப்படியே கொண்டாந்து குடுத்தா மேல இருக்கற தண்ணியத்தான பாப்பாங்க? சத்தெல்லாம் அடியில பூடும். நான் அச்சுல மண்கூழ் ஊத்தறவன் மேடம். கூழு அடி தங்க விட்டா அவ்வளவுதான். ஜாடி சூளையில வெடிச்சிடும். அதனால ஒரு நிமிஷம் கூட தங்க வுடல."

"என்ன பண்ணீங்க?"

"குலுக்கினேன்."

"எப்படிக் குலுக்கினீங்க?"

மாயவன் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான். கட்டைவிரலால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை வெட்டி வெட்டி ஆட்டினான். பாட்டிலுக்குள் தண்ணீர் நுரைத்துப் பொங்கியது. முப்பது வருஷம் மண் கலக்கிய கை. மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டு கிடுகிடுத்தது.

"வழி பூராவா?" என்றார் டாக்டர் மெல்லிய குரலில்.

"வடலூர்ல டீ குடிக்கறப்ப மட்டும் எடது கையால குலுக்கினேன்."

டாக்டர் வாசுகி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சிவசங்கரிக்கு முதலில் விளங்கவில்லை.

"ஐயா," என்றார் கையை எடுத்துவிட்டு, "அந்த மஞ்சள் தண்ணிதான் எங்களுக்கு வேணும். அதைத்தான் நாங்க டெஸ்ட் பண்றது."

மாயவன் கையில் பாட்டில் அப்படியே நின்றது.

"மண்ணு எவ்வளவு குலுக்கினாலும் மண்ணுதான். ரத்தம் அப்படி இல்ல. அந்தச் சிவப்பு அணு ஒவ்வொண்ணும் முட்டை மாதிரி. நீங்க ஒரு கூடை முட்டையை விருத்தாசலத்துலேந்து குலுக்கிக்கிட்டே வந்திருக்கீங்க. எல்லாம் உடைஞ்சு உள்ள இருந்தது வெளிய கொட்டியிருக்கு. உள்ள என்ன இருக்கும் தெரியுமா? பொட்டாசியமும் எல்.டி.ஹெச்சும்."



டாக்டர் போனை எடுத்து லேபுக்குப் பேசினார். ரத்தத்தின் மேல்நீர் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டார். சிவப்பாக இருந்ததாம். செல் உடைந்த சாம்பிள் என்று ரிப்போர்ட்டில் குறிப்புப் போட வேண்டும், விட்டுப்போய்விட்டதாம். டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டு வாக்கியத்துக்கு மறுமுனையில் இருந்தவன் இன்னும் ஒரு மாதத்துக்கு நிறம் பார்க்காமல் எதையும் தொட மாட்டான்.

"மறுபடி எடுக்கறோம்," என்றார் சிவசங்கரியிடம். "நம்ம மிஷின் இப்ப ஓடுது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். பொட்டாசியம் பொய்னு எனக்கு இப்பவே தெரியும், இ.சி.ஜி. சொல்லிடுச்சு. எல்.டி.ஹெச் முழுக்கப் பொய்யான்னு தெரியாது. நிஜமாவே கொஞ்சம் ஏறியும் இருக்கலாம். நல்லதா வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"வேணாங்க. வாக்குக் குடுத்தவங்களை எல்லாம் சென்னையிலயே பாத்துட்டேன்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "கார்ல வரும்போது என்ன முடிவு பண்ணீங்க?"

அவளுக்கு முந்திக்கொண்டு மாயவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "புடவை வரைக்கும் பிரிச்சுக் குடுத்துட்டா மேடம்."

"அன்னிக்கு நீங்க பாதியில எழுந்து போயிட்டீங்க. இப்ப முழுசாக் கேளுங்க. இந்த எண்ணெல்லாம் ஜோசியம் இல்ல. இதே வியாதி வந்த ஆயிரக்கணக்கான பேரைப் பாத்துப் போட்ட கணக்கு. அந்தக் கூட்டத்துல சிவசங்கரி எங்க நிப்பாங்கன்னு அதுக்குத் தெரியாது. எனக்கு அது எதுக்குன்னா, எந்த மருந்து, எவ்வளவு பலமா, எவ்வளவு உன்னிப்பா பாத்துக்கணும்னு முடிவு பண்ண. அந்த ஆயிரத்தி நூத்தி நாப்பது நிஜமாவே இருந்திருந்தாலும் வூட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருக்க மாட்டேன். இன்னொரு மருந்தைச் சேத்துக்கிட்டு இன்னும் வேகமா இறங்கியிருப்பேன்."

"நம்பர் கெட்டா மருந்துதான் கூடும். ஆளை வுட மாட்டீங்க."

"விட மாட்டேன். நீங்களா போனாத்தான் உண்டு."

நர்ஸ் ரத்தம் எடுத்தாள். காலையில் போனில் மூச்சு வாங்கியவள் இவள்தான். எடுத்து முடித்து, ட்யூபைத் தட்டில் நிறுத்தி, கர்ப்பூரத் தட்டை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு போனாள். மாயவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒதுங்கி வழிவிட்டான்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராஜ்மோகன் இரண்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வண்டியை நிழலில் போடுகிறேன் என்று இறங்கிப் போனான். மாயவன் டீயைத் தொடவில்லை.

"என் கையாலயே உன்னைக் கொண்டுபோயிருப்பேன் சங்கரி. இன்னிக்கு அந்த நர்ஸு போன் பண்ணலன்னா? அந்த பொட்டாசியத்தை எழுதாம அந்த இன்னொண்ணை மட்டும் எழுதியிருந்தா? நீ வூட்டோட படுத்திருப்ப. நானும் சரின்னு பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வழி முழுக்கத் தான் பேசிக்கொண்டு வந்ததை நினைக்க நினைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. எவ்வளவு தெம்பாகப் பேசினாள். எவ்வளவு தெளிவாக முடிவு கட்டினாள். ரத்தம் சொல்லிவிட்டது என்றாளே, அதில் ரத்தம் எங்கே சொன்னது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மனுஷன் பாசத்தில் கை வலிக்கக் குலுக்கியிருக்கிறான். அந்தக் குலுக்கலைக் கேட்டுக்கொண்டு அவள் புடவையைப் பங்கு வைத்திருக்கிறாள்.

அண்ணனுக்குக் கடைசிவரை எந்த எண்ணையும் யாரும் சொல்லவில்லை. அவளோ ஒரே ஓர் எண்ணைக் கேட்டு எழுந்து நடந்தாள். இரண்டிலும் ஒரு விஷயம் நடக்கவில்லை. எதிரே உட்கார்ந்து முழுசாகக் கேட்பது.

"மாமா, டீயக் குடி. ஆறுது."

"எறங்க மாட்டேங்குது."

"குலுக்கிட்டுக் குடி, எறங்கும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். உதடு கோணியது. சிரிப்பா என்னவென்று அவனுக்கே தெரியாமல் ஒரு சத்தம் வந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

சிவசங்கரி முதுகுப் பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற? ரிசல்ட்டு வரல இன்னும்."

"வர்றதுக்குள்ள போவணும். அதுக்குத்தான் போறேன்."

டாக்டர் அறையில் வேறொரு பேஷண்ட் இருந்தார். அவள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். "அம்மா, ஒரே வார்த்தைங்க. அந்த நம்பரு எப்படி வேணா வரட்டும். நீங்க ஆரம்பிங்க. ஊருக்குப் போயி ஊருக்குப் போயி வந்து எடுத்துக்கறேன், இங்கயே கெடக்க மட்டும் சொல்லாதீங்க."

"அதுக்கு ஏற்பாடு பண்ணிடலாம்," என்றார் டாக்டர். "உக்காருங்க, கூப்பிடறேன்."

மாயவன் அவள் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தான். அவள் முழங்கையைப் பிடித்தான். தாங்குவதற்கா, தான் விழாமல் இருப்பதற்கா என்று அவள் கேட்கவில்லை.

கூப்பிட்டபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"பொட்டாசியம் நாலு புள்ளி மூணு. எனக்கு இருக்கறதை விட நல்லா இருக்குது."

"அடுத்தது?" என்றான் மாயவன். அவன் கை மறுபடி முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

"எல்.டி.ஹெச் எரநூத்தி எட்டு."

மாயவன் விரல் விட்டு எண்ணுகிறவன் போலத் தடுமாறினான். "எரநூத்தம்பதுக்குள்ளன்னு சொன்னாங்களே…"

"உள்ளதான். மத்த ரெண்டு அளவும் முன்னாலயே நல்லா இருந்துச்சு. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, இந்த வியாதி வந்தவங்கள்ல நல்ல எதிர்பார்ப்பு இருக்கற வரிசையில நீங்க நிக்கறீங்க. மஜ்ஜையில குரோமோசோம் பாக்கற டெஸ்ட் ஒண்ணு பாக்கி. அது வந்தப்புறம் முழுசாச் சொல்லலாம். அதுல ஏதாவது இருந்தா அதுக்கும் வழி இருக்கு."

சிவசங்கரி எண் எப்படி வந்தாலும் சரி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவள்தான். ஆனாலும் நல்லதாக வந்தபோது கண் நிறைந்துவிட்டது. அதை அவள் தடுக்கவும் இல்லை.

"வாரத்துக்கு ஒரு ஊசி, வயித்துல தோலுக்கடியில. கூட மாத்திரை. ஊசி போட்டுட்டு அன்னிக்கே வூட்டுக்குப் போயிடலாம். சில மாசம் கழிச்சு உடம்பு தேறினதும் அடுத்த கட்டம் பேசுவோம். மண் தூசி பக்கம் கொஞ்ச நாளைக்குப் போகக் கூடாது. இன்னொண்ணு, விரல் நுனி மரத்துப் போகலாம்."

சிவசங்கரி சட்டென்று நிமிர்ந்தாள். "விரலா?"

"ஏன்?"

"நான் பொம்மைக்குக் கண்ணு எழுதறவங்க. விரல் போச்சுன்னா கண்ணு ஒண்ணரையாப் பூடும். சாமி பொம்மை வேற."

டாக்டர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப லேசா சுருக்குன்னாலே சொல்லணும். பொறுத்துக்கக் கூடாது. அளவைக் குறைப்பேன். உங்க வேலையை நான் கெடுக்க மாட்டேன்."

முதல் ஊசியை அன்றே போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. இதற்குத்தானா இத்தனை வருஷமாகப் பயந்தோம் என்று தோன்றியது. பயந்தது ஊசிக்கு இல்லை என்றும் உடனே தோன்றியது. நர்ஸ் பஞ்சை அழுத்தியபடியே மெதுவாகக் கேட்டாள். "காலையில கொழம்பு என்னாச்சும்மா?"

"உன்னாலதான் கருகிப் போச்சு. அடுத்த வாரம் வரும்போது எடுத்தாரேன். நீ தின்னதும் மூச்சு இருக்குதான்னு உங்க வூட்டுக்கு நான் போன் பண்றேன்."

கீழே இறங்கும்போது போன் அடித்தது. பட்டறை முதலாளி தனக்கோடி அம்மாள். காலையில் மாயவன் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடியதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏ சங்கரி, என்னாடி சொன்னாங்க? உசுரோட இருக்கியா?"

"காலையிலேந்து ஆளாளுக்கு இதையே கேக்கறீங்க. இருக்கேன். கொலு பொம்மை எத்தினி பெட்டி வெந்து கெடக்குது?"

"அது கெடக்குது வுடு. நவராத்திரி வந்தா வரட்டும். நீ மொதல்ல ஒடம்பைப் பாரு."

"பட்டறைக்கு வரக் கூடாதுன்னுட்டாங்க, தூசியாம். தொடச்சுட்டு பெட்டி பெட்டியா வூட்டுக்கு அனுப்புங்க. சாஞ்சு உக்காந்து எழுதித் தரேன். வேற யாரையும் கண்ணுல கை வைக்க வுடாதீங்க. திங்கக்கெழமை மட்டும் அனுப்ப வேணாம். ஊசிக்குப் போவணும்."

"எத்தினி திங்கக்கெழமைடி?"

சிவசங்கரி படியில் நின்றாள். ராஜ்மோகன் காரை வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்திருந்தான். மாயவன் முன்னால் போய் சீட்டில் இருந்த தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தான்.

"அதை நான் எண்ணலைங்க," என்றாள். "காலண்டரு வாங்கறப்ப அடுத்த வருசத்துக்கும் சேத்து எனக்கு ஒண்ணு வாங்கி வைங்க."